மகாபாரதம் சீரியலுக்கு வசனம் எழுதிய இஸ்லாமியர்: யார் இந்த ராஹி மாசூம் ரஸா?

1988 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை. தூர்தர்ஷனில் புதிய தொடர் ஒன்று ஆரம்பமானது. கதையைத் தொடங்கி வைக்க முனிவர் வரவில்லை, அரசர் வரவில்லை. இருண்ட வெளியில் ஒரு சக்கரம் சுழல, கனமான ஆண் குரல் ஒன்று தன்னைக் 'காலம்' என்று அறிமுகம் செய்துகொண்டு பேச ஆரம்பித்தது. அதுதான் பி.ஆர்.சோப்ராவின் 'மகாபாரத்'. மொத்தம் 94 எபிசோடுகள். 1990-ம் ஆண்டின் நடுப்பகுதி வரை ஓடியது.

தனியார் சேனல்கள் இல்லாத காலம். தமிழ்நாட்டில் இந்தி தெரியாத வீடுகளிலும் அந்தத் தொடர் ஓடியது. கதை ஏற்கெனவே தெரியும், அதனால் மொழி புரியாதது பெரிய தடையாக இல்லை. நிதிஷ் பரத்வாஜ் கிருஷ்ணராகவும், முகேஷ் கன்னா பீஷ்மராகவும், ரூபா கங்குலி திரௌபதியாகவும் நம்ம வீடுகளில் குடியேறினார்கள். கூஃபி பெயின்டல் சகுனியாக வந்து வாங்கிக்கொண்ட சாபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் இவர்கள் அத்தனை பேரையும் பேச வைத்தவரை நமக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர் பெயர் டாக்டர் ராஹி மாசூம் ரஸா. உத்தரப் பிரதேசத்தில் ஷியா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். உருதுக் கவிஞர், இந்தி நாவலாசிரியர், இடதுசாரி. மகாபாரதத்துக்கு இவர் எழுதப்போகிறார் என்று தெரிந்ததும் எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. அதற்கு அவர் கொடுத்த பதில்தான் அந்தத் தொடர். அந்த இடத்துக்கு அவர் வந்து சேர்ந்த வழி மும்பையில் தொடங்கவில்லை, கங்கைக் கரையில் தொடங்குகிறது.

கங்கௌலியில் ஒரு சிறுவன்

காசிக்குக் கிழக்கே, கங்கைக் கரையில் இருக்கும் ஊர் காஜிபூர். பிரிட்டிஷ் காலத்து அபின் தொழிற்சாலைக்குப் பெயர்போனது. அந்த மாவட்டத்தில் கங்கௌலி என்ற கிராமத்தில் 1927 செப்டம்பர் 1-ம் தேதி பிறந்தார் சையத் மாசூம் ரஸா. 'ராஹி' என்பது பின்னாளில் கவிதைக்காக அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். வழிப்போக்கன் என்று அர்த்தம்.

ஜமீன்தார் குடும்பம். அப்பா காஜிபூரில் வழக்கறிஞர். அண்ணன் மூனிஸ் ரஸா பின்னாளில் நாடறிந்த புவியியல் அறிஞர் ஆனார். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், டெல்லி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர்.

தம்பிக்கோ சின்ன வயதிலேயே காலில் நோய். கடைசிவரை கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தார். ஓடியாடி விளையாட வேண்டிய வயதில் படுக்கை. வீட்டில் இருந்த புத்தகங்களை எல்லாம் படித்து முடித்துவிட்டான் பையன். அவனுக்குப் பொழுதுபோக வேண்டும் என்பதற்காகவே கதை சொல்ல ஓர் ஆளை அமர்த்தினார்களாம். அவர் சொன்னது 'திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா' கதைகள். உருதுவில் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு விரியும் மாயாஜாலக் கதைத் தொகுதி அது. மந்திரவாதிகள், மாய நகரங்கள், கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை என்று போய்க்கொண்டே இருக்கும். நம்ம ஊரில் விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ருசி சட்டென்று பிடிபடும்.

தனக்குக் கதை சொல்லத் தெரிந்ததே அந்த மனிதரால்தான் என்று ரஸா பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அது வெறும் உபசாரம் இல்லை. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பே திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபாதான். பெயருக்கு முன்னால் வரும் அந்த 'டாக்டர்' இப்படி வந்தது.

அரசியலிலும் வீட்டோடு ஒத்துப்போகவில்லை. அண்ணன், தம்பி இருவருமே கம்யூனிஸ்ட் பக்கம் சாய்ந்தார்கள். காஜிபூர் நகராட்சித் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அப்பாவே நின்றபோது, மகன்கள் எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் வேட்பாளருக்கு வேலை செய்தார்கள் என்றும், அப்பா தோற்றுப்போனார் என்றும் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அலிகரில் உருது சொல்லிக்கொடுத்த ஆசிரியர், உருதுவைத் தேவநாகரி எழுத்தில் எழுதலாம் என்று வாதாடியது அவருக்கு ஏகப்பட்ட எதிரிகளைச் சம்பாதித்துக் கொடுத்தது. உருது, இந்தி என்ற பிரிவில் எழுத்துருதான் மதில்சுவர் என்பது அவர் கட்சி. மொழி அரசியல் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு பேராசிரியர் இப்படிப் பேசினால் ஊர் என்ன பேசும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நடுவே வருமானத்துக்காக இன்னொரு வேலையும் நடந்தது. அலகாபாத்தில் இருந்து வந்த மாத நாவல் வெளியீட்டுக்கு 'ஷாஹித் அக்தர்' என்ற பெயரில் ஜனரஞ்சகக் கதைகள் எழுதித் தள்ளினார். கெடு தேதிக்குள் பக்கம் நிரப்புவது, வாசகன் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி முடிப்பது எல்லாம் அங்கே பழகிய கைதான். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு எபிசோடு கொடுக்க வேண்டியவனுக்கு இதைவிடப் பெரிய பயிற்சி எது?

பாதி ஊரின் கதை

1966-ல் 'ஆதா காவ்' (பாதி ஊர்) நாவல் வெளியானது. ரஸாவின் பெயர் இலக்கியத்தில் நிற்பது இந்தப் புத்தகத்தால்.

கங்கௌலிதான் களம். அவருடைய சொந்த ஊர், சொந்தச் சாதிசனம், சிலருக்கு அவர்களுடைய சொந்தப் பெயர். ஊரின் இரண்டு தெருக்களில் வாழும் ஷியா ஜமீன் குடும்பங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு மொஹரம் கொண்டாடும். யார் வீட்டுத் தாசியா பெரியது, யார் அழுகை உண்மையானது என்பதில்கூடப் பொறாமை. 1947-க்கு முன்னும் பின்னுமான சில ஆண்டுகளில் இந்த ஊர் எப்படிக் காலியாகிறது என்பதுதான் கதை.

பிரிவினை நாவல் என்றதும் ரயில் நிறையப் பிணங்கள், எல்லையில் கலவரம் என்றுதான் நினைப்போம். கங்கௌலி எல்லையில் இல்லை. அங்கே யாரும் யாரையும் துரத்தவில்லை. ஆனாலும் வீட்டுக்கு ஒருவர் கராச்சிக்குப் போகிறார். அண்ணன் அங்கே, தங்கை இங்கே. கல்யாண வயதுப் பெண்களுக்கு மாப்பிள்ளை இல்லை. பிறகு ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வருகிறது, மிச்சமிருந்த கௌரவமும் போகிறது. ஜமீன்தார்களுக்காக ரஸா கண்ணீர் விடுவதில்லை. அவர்கள் செய்த அக்கிரமங்களையும் எழுதிவிட்டுத்தான், அவர்கள் தனிமையையும் எழுதுகிறார்.

நாவலில் மறக்க முடியாத ஓர் இடம் உண்டு. ஃபுன்னன் மியான் என்ற முரட்டுக் கிழவரின் மகன் 1942 போராட்டத்தில் காவல் நிலையத் தாக்குதலின்போது சுட்டுக் கொல்லப்படுகிறான். பின்னர் தியாகிகளுக்கு நினைவுக்கூட்டம் நடக்கிறது. மேடையில் தலைவர் பெயர்களை அடுக்குகிறார். இந்தக் கிழவரின் மகன் பெயர் மட்டும் பட்டியலில் வரவில்லை. கூட்டத்தில் எழுந்து, தன் பையனும் அங்கேதான் செத்தான் என்று அவர் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

இன்னோர் இடத்தில், பாகிஸ்தான் கேட்டுப் பிரசாரம் செய்ய அலிகரில் இருந்து படித்த இளைஞர்கள் ஊருக்கு வருகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பிய ஊர்ப்பையன் அவர்களோடு மல்லுக்கு நிற்கிறான். அவனுக்கு நாடு என்றால் கங்கௌலிதான். மெக்காவைவிடவும் தன் ஊர் தனக்கு நெருக்கம் என்கிற அளவுக்குப் போகிறது அந்த வாக்குவாதம்.

நாவலின் வடிவத்திலும் ஒரு குறும்பு. முன்னுரையைப் புத்தகத்தின் நடுவில் வைத்திருக்கிறார். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுத்தாளர் எழுந்து வந்து, நான் இந்த ஊர்க்காரன், இந்த மண்ணை விட்டுப் போகச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது என்கிற தொனியில் வாசகரிடம் பேசிவிட்டு மறுபடியும் கதைக்குள் போகிறார். கதையை நிறுத்திவிட்டு நேராகப் பேசும் இந்தப் பழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 22 வருடம் கழித்து டிவியில் திரும்ப வரும்.

நாவலில் பேசுபவர்கள் போஜ்புரி கலந்த உருது பேசுகிறார்கள், கூடவே சரளமாகக் கெட்ட வார்த்தையும். அதுவே வினையானது. விமர்சகர் நாம்வர் சிங் ஜோத்பூர் பல்கலைக்கழகத்தில் இதை எம்.ஏ. பாடமாக வைத்தபோது ஆபாசம் என்று எதிர்ப்புக் கிளம்பி, பாடத்திட்டத்தில் இருந்து நீக்கப்பட்டது. இன்று இந்தியில் பிரிவினை பற்றிய நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இதைத் தவிர்க்க முடியாது. கில்லியன் ரைட் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார்.

அதே 1966-ல் இன்னொரு புத்தகமும் எழுதினார். 1965 போரில் பாகிஸ்தான் டாங்கிகளை அழித்து உயிர்விட்டு, பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீதின் வாழ்க்கை வரலாறு. ஹமீதும் காஜிபூர் மாவட்டத்துக்காரர்தான்.

மும்பை: வயிற்றுக்கு சினிமா

60-களின் கடைசியில் அலிகர் அவருக்கு ஒத்துவராமல் போனது. கருத்து மோதல்கள் ஒரு பக்கம், அவருடைய இரண்டாவது திருமணத்தைச் சுற்றி எழுந்த பேச்சு இன்னொரு பக்கம். வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு மும்பை வந்தார்.

ஆரம்பம் கஷ்டம். தரம்வீர் பாரதி, கமலேஷ்வர், கிருஷன் சந்தர் போன்ற எழுத்தாளர் நண்பர்கள் கைகொடுத்தார்கள். இந்த தரம்வீர் பாரதி வேறு யாருமல்ல, குருக்ஷேத்திரப் போரின் கடைசி நாளை வைத்து 'அந்தா யுக்' நாடகம் எழுதியவர்.

பிறகு வாய்ப்புகள் வந்தன. வந்தன என்றால் சும்மா இல்லை, மூச்சு விட நேரமில்லாத அளவுக்கு. நமக்கு நேரடியாகத் தெரிந்த படங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ரஜினியின் 'தில்லு முல்லு' தெரியும்தானே? மீசை இருந்தால் ஓர் ஆள், மீசை இல்லாவிட்டால் இன்னோர் ஆள். அதன் மூலம் 1979-ல் வந்த ரிஷிகேஷ் முகர்ஜியின் 'கோல்மால்'. இந்தியில் வசனம் ராஹி மாசூம் ரஸா. தமிழில் எழுதியவர் விசு. கமலின் 'எனக்குள் ஒருவன்' படத்துக்கு மூலமான 'கர்ஸ்' படத்துக்கும் இவர்தான் வசனம். ஆனந்த் பாபு ஆடிய 'பாடும் வானம்பாடி'க்கு மூலமான 'டிஸ்கோ டான்ஸர்' இவர் எழுதியது. சோவியத் யூனியனில் சக்கைப்போடு போட்ட மிதுன் படம் அது.

ஆக, ஆதா காவ் எழுதிய அதே கைதான் டிஸ்கோ டான்ஸரும் எழுதியது. இலக்கிய நண்பர்கள் சிலருக்கு இது உறுத்தலாக இருந்தது. ரஸாவுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. சினிமாவையும் இலக்கியத்தின் ஒரு வடிவமாகப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டவர் அவர். அதற்காக சினிமாவுக்கு மயங்கிக் கிடந்தார் என்றும் சொல்ல முடியாது. மும்பைத் திரையுலகின் போலித்தனத்தைக் கிழித்து 'சீன்: 75' என்றே ஒரு நாவல் எழுதினார், உள்ளே இருந்துகொண்டே.

சிறந்த வசனத்துக்கான ஃபிலிம்ஃபேர் விருதை மூன்று முறை வாங்கினார். 'மே துளசி தேரே ஆங்கன் கி', 'தவாயஃப்', ஸ்ரீதேவி நடித்த 'லம்ஹே'. இதில் 'தவாயஃப்' பி.ஆர்.சோப்ரா இயக்கியது. சோப்ராவுக்கு இவர் கையெழுத்து நன்றாகத் தெரியும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

எழுதும் விதம் பற்றி வீட்டாரும் நண்பர்களும் சொல்லும் கதைகள் சுவாரஸ்யமானவை. மேஜை, நாற்காலி, அமைதி எதுவும் வேண்டாம். தலையணையில் சாய்ந்தபடி, பாட்டு ஓட, பிள்ளைகள் சத்தம் போட, வந்தவர்களோடு பேசிக்கொண்டே எழுதுவாராம். ஒரே நேரத்தில் நாலைந்து அட்டைகளில் நாலைந்து கதைகள். ஒன்றில் சிக்கினால் அடுத்ததை எடுத்துக்கொள்வார்.

கடிதங்களும் ஒரு சம்மதமும்

1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தூர்தர்ஷனில் தொடங்கி நாட்டையே கட்டிப்போட்டது. அடுத்தது மகாபாரதம் என்று முடிவானது. சோப்ரா நேராக ரஸாவிடம் வந்தார்.

ரஸா மறுத்துவிட்டார். கையில் ஏகப்பட்ட படங்கள், நேரமில்லை என்பது காரணம். சோப்ரா விடவில்லை. பத்திரிகையாளர்களிடம் எழுதப்போவது ராஹி மாசூம் ரஸாதான் என்று அறிவித்துவிட்டார்.

அதன் பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. இந்து ஒருவரும் கிடைக்கவில்லையா, போயும் போயும் ஒரு முஸ்லிமிடமா மகாபாரதத்தைக் கொடுத்தீர்கள் என்பதுதான் பெரும்பாலும் சாரம். சோப்ரா அந்தக் கடிதங்களை அப்படியே ரஸாவுக்கு அனுப்பி வைத்தார். படித்த ரஸா சோப்ராவைக் கூப்பிட்டு, இனி மகாபாரதத்தை நான்தான் எழுதுவேன், நான் கங்கையின் பிள்ளை, இந்த மண்ணின் பண்பாடு என்னைவிட யாருக்குத் தெரியும் என்ற அர்த்தத்தில் சம்மதம் சொன்னார். இது அவரைத் தெரிந்தவர்கள் பலரும் திரும்பத் திரும்பச் சொல்லும் சம்பவம்.

சோப்ரா அந்தக் கடிதங்களை ஏன் அனுப்பினார்? எச்சரிக்கவா, சீண்டவா? எனக்கென்னவோ, ஆளைத் தெரிந்து போட்ட தூண்டில் என்றுதான் தோன்றுகிறது.

கங்கையின் பிள்ளை என்று அவர் சொன்னது அந்த நேரத்துக் கோபத்தில் வந்த வார்த்தை இல்லை. தனக்கு மூன்று தாய்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பெற்ற தாய், அலிகர் பல்கலைக்கழகம், கங்கை. கங்கையைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளும் உண்டு.

தமிழ் வாசகர்களுக்கு இது அவ்வளவு அந்நியமான விஷயம் இல்லை. கம்பனில் கரைகண்ட நீதியரசர் மு.மு.இஸ்மாயிலைக் கேட்டு ரசித்த ஊர் இது. ஆனால் 80-களின் கடைசியில் வட இந்தியா இருந்த நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். அயோத்தி விவகாரம் சூடேறிக்கொண்டிருந்த வருடங்கள். தொடர் முடிந்த சில மாதங்களில், 1990 செப்டம்பரில், அத்வானியின் ரத யாத்திரை கிளம்பியது. அந்தச் சூழலில்தான் ஞாயிறுதோறும் ஒரு ஷியா முஸ்லிம் எழுதிய வசனத்தை கிருஷ்ணர் பேசினார், கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள்.

காலம் ஏன் கதை சொன்னது?

மகாபாரதத்தை டிவிக்கு எழுதுவதில் முதல் சிக்கல், கதையை யார் சொல்வது என்பது. மூலத்தில் வியாசர் சொல்ல விநாயகர் எழுதுகிறார், வைசம்பாயனர் ஜனமேஜயனுக்குச் சொல்கிறார், போரை சஞ்சயன் சொல்கிறான். கதைக்குள் கதை. திரையில் இத்தனை அடுக்கும் வைத்தால் பார்ப்பவர் குழம்பிப்போவார். வாரத்துக்கு ஒரு நாள் வரும் தொடர் என்பதால், போன வாரம் என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்தவும் ஒருவர் வேண்டும்.

ரஸா கொண்டுவந்த தீர்வு 'சமய்', அதாவது காலம். அதற்குக் குரல் கொடுத்தவர் ஹரீஷ் பிமானி. காலத்துக்குச் சாதி, மதம், கட்சி கிடையாது. எல்லாவற்றையும் பார்த்தது, எதையும் தடுக்க முடியாதது. அதனால் அது பாண்டவர்களையும் கேள்வி கேட்கலாம், கௌரவர்களையும் கேட்கலாம். கதையை நிறுத்திவிட்டு, இன்றைய பார்வையாளரிடம் நேராகவும் பேசலாம். ஆதா காவ் நாவலின் நடுவில் எழுந்து வந்து பேசிய அதே உத்திதான். நம்ம கூத்தில் கட்டியக்காரன் செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுவே, சிரிப்பு மட்டும் குறைவு.

அடுத்த சிக்கல் மொழி. அன்றாட இந்தியில் உருதுச் சொற்கள் கலந்திருக்கும். ஹஸ்தினாபுரத்து அரண்மனையில் அப்படிப் பேசினால் பொருந்தாது. சுத்த சமஸ்கிருத இந்தி எழுதினால் சாதாரண மக்களுக்குப் புரியாது. உருது வாத்தியார் இரண்டுக்கும் நடுவில் ஓர் இந்தியை உண்டாக்கினார். அதில் பளிச்சென்று நின்றவை 'பிதாஸ்ரீ', 'மாதாஸ்ரீ', 'பிராதாஸ்ரீ' போன்ற விளிகள். உருதுக் குடும்பங்களில் அப்பாவை அப்பாஜான், அம்மாவை அம்மிஜான் என்பார்கள். உறவுப் பெயரின் வாலில் பாசத்தைக் கட்டிவிடும் அந்த 'ஜான்' இருந்த இடத்தில் 'ஸ்ரீ' வந்து உட்கார்ந்ததுதான் இந்த விளிகள் என்று சொல்வார்கள். லக்னோ வீட்டு மரியாதை ஹஸ்தினாபுரத்துக்குப் போனது இப்படித்தான். பின்னால் வந்த எத்தனையோ புராண சீரியல்கள், இதெல்லாம் வேதகாலத்து வழக்கு என்பதுபோல இந்த விளிகளை எடுத்துக்கொண்டன.

மூன்றாவது, எங்கிருந்து தொடங்குவது? தொடர் பாண்டவர்களில் தொடங்கவில்லை. பரதன் தன் சொந்தப் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு, தகுதி பார்த்து வேறொருவனை இளவரசனாக அறிவிக்கும் காட்சி முதல் எபிசோடிலேயே வருகிறது. பிறப்பா, தகுதியா என்ற கேள்வியைப் போட்டுவிட்டுத்தான் சந்தனு, கங்கை, பீஷ்மர் என்று கதை நகர்கிறது. பிள்ளைப் பாசத்தில் நாட்டைக் கெடுத்த திருதராஷ்டிரனை நாம் பிற்பாடு பார்க்கும்போது, முதல் வாரம் பார்த்த பரதன் பின்னால் நின்றுகொண்டே இருக்கிறான்.

முடிவும் அப்படித்தான். பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு நடந்து போவது வரை தொடர் போகவில்லை. அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரோடு முடிகிறது. யுதிஷ்டிரனுக்கு அவர் சொல்லும் கடைசி அறிவுரைகளில் ஒன்று, நாட்டைத் துண்டாட ஒருநாளும் சம்மதிக்காதே என்பது. ராஜ்ஜியத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் சண்டை தீர்ந்துவிடும் என்று நம்பியதுதான் தான் செய்த தவறு என்று அந்தக் கிழவர் உணர்கிறார். இதை எழுதியவர் பாதி ஊரின் கதையை எழுதியவர். பீஷ்மருக்கு இன்னொரு பெயர் கங்கை மைந்தன்.

எல்லாப் பெருமையும் ரஸா ஒருவருக்கே என்று எழுதினால் நியாயமில்லை. கவிஞர் பண்டிட் நரேந்திர சர்மா தொடரின் ஆலோசகராக இருந்து, மூலத்தில் எங்கே என்ன இருக்கிறது என்று வழிகாட்டியவர். விவித் பாரதி வானொலியை வளர்த்தெடுத்தவரும் அவர்தான். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1989 பிப்ரவரியில் காலமானார். இயக்கத்தில் பெரும்பகுதி சோப்ராவின் மகன் ரவி சோப்ராவுடையது.

இரண்டு கட்டுக் கடிதங்கள்

தொடர் ஓட ஆரம்பித்ததும் ரஸா வீட்டுக்கு மறுபடியும் கடிதங்கள் வந்தன, இந்தத் தடவை மூட்டை மூட்டையாக. பெரும்பாலும் பாராட்டு, ஆசீர்வாதம். அவருடைய அலிகர் கால நண்பர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. கடிதங்களை அவர் கட்டுக்கட்டாக வைத்திருந்தாராம். ஓரத்தில் மட்டும் ஒரு சின்னக் கட்டு தனியாக இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, திட்டி வந்தவை என்றார். அதில் இரண்டு வகை. முஸ்லிமான நீ எப்படி எழுதலாம் என்று கேட்டவை பாதி. முஸ்லிமாக இருந்துகொண்டு நீ ஏன் இந்துக் கதை எழுதினாய் என்று கேட்டவை மீதி. அந்தக் கட்டு எவ்வளவு சின்னதாக இருக்கிறது பார் என்பதுதான் அவருக்குச் சந்தோஷம்.

மகாபாரதம் இங்கிலாந்தில் பிபிசியிலும் ஒளிபரப்பானது. அர்ஜுனனாக நடித்த ஃபிரோஸ் கான் தன் பெயரையே அர்ஜுன் என்று மாற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு தூர்தர்ஷனுக்காக ரஸா எழுதியது 'நீம் கா பேட்' (வேப்பமரம்). பங்கஜ் கபூர் நடித்த தொடர். மகாபாரதத்தோடு ஒப்பிட்டால் அளவில் சின்னது. கொத்தடிமை புதயி, மகன் பிறந்த அன்று ஒரு வேப்பங்கன்று நடுகிறான். நாடு விடுதலை அடைகிறது, ஜமீன்தாரி போகிறது, அந்த மகன் வளர்ந்து அரசியல்வாதி ஆகிறான். அப்பா எதற்கெல்லாம் ஏங்கினாரோ அதெல்லாம் மகன் கையில் என்ன ஆகிறது என்பது மீதிக் கதை. ரஸா நாவலாகவும் எழுதிய இந்தக் கதையைச் சொல்வது, பெயரில் இருக்கும் அந்த வேப்பமரம்தான். முதலில் காலம், அடுத்து மரம். நகராமல் நின்று எல்லாவற்றையும் பார்க்கும் ஒருவரிடம் கதையைக் கொடுப்பது அவருக்குப் பிடித்திருந்தது போல.

1992 மார்ச் 15-ம் தேதி மும்பையில் ராஹி மாசூம் ரஸா காலமானார். வயது 64. அதே ஆண்டு டிசம்பர் 6-ல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இப்போது எங்கே படிக்கலாம், பார்க்கலாம்?

சிபிஎஸ்இ-யில் பத்தாம் வகுப்பு இந்தி எடுத்தவர்கள் அவரை ஏற்கெனவே படித்திருக்க வாய்ப்புண்டு. 'டோபி சுக்லா' என்ற அவருடைய நாவலில் இருந்து ஒரு பகுதி துணைப்பாடமாக வந்தது. ஓர் இந்துப் பையனுக்கும் முஸ்லிம் பையனுக்கும், அந்த முஸ்லிம் வீட்டுப் பாட்டிக்கும் உள்ள நெருக்கம். தன் வீட்டுப் பாட்டிக்குப் பதிலாக அந்தப் பாட்டியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று யோசிக்கிற சின்னப் பையன்தான் டோபி.

2020 கொரோனா ஊரடங்கில் டிடி பாரதி மகாபாரத்தை மறுபடி ஒளிபரப்பியபோது, 2கே கிட்ஸும் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்த்தார்கள். அட்டை கிரீடம், பறந்து வந்து மோதும் அம்புகள் எல்லாம் மீம் ஆகின. அடுத்த முறை பார்க்க நேர்ந்தால் பெயர்ப் பட்டியலை ஸ்கிப் செய்யாமல் விடுங்கள். திரைக்கதை, வசனம் என்ற இடத்தில் அவர் பெயர் வரும், டாக்டர் பட்டத்தோடு.